நண்பன் கூப்பிட்டால் நன்கொடை வரும்!

2014-ல் அமெரிக்காவில் ஆரம்பித்து, ஆளாளுக்குத் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு வீடியோ போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கான நிதி திரட்டல் அது. அங்குள்ள ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. குளித்தவர் தன் நண்பர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், சூட்சுமமே அதுதான். நன்கொடைச் சீட்டைக் கண்டால் நழுவுகிற கல்லூரிப் பிள்ளைகள், நண்பன் கூப்பிட்டால் மறுப்பதில்லை.

அதே ஆண்டு ஹைதராபாத்தில் இது 'ரைஸ் பக்கெட்' ஆனது. தண்ணீருக்குப் பதில், ஏழைக்கு ஒரு வாளி அரிசி. நம் ஊருக்கு இதுதான் சரி!

2016-ல், அந்தப் பணம் உதவிய ஆராய்ச்சியில் நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு தெரியவந்தது. சங்கம் அதை ஊரறியச் சொன்னது. நம் அமைப்புகள் பலவும் ரசீதோடு நிறுத்திக்கொள்கின்றன. வாங்கிய பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு நோட்டு போனது என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிப் பாருங்கள். 'அடுத்த ஞாயிறு என்ன வேலை?' என்று அவர்களே கேட்பார்கள்.