மீண்டும் கூடைப்பந்தாட்டம்

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டம் என்றதும், புனித மிக்கேல் கல்லூரி அணியைப் பயிற்றுவித்து, 1990 ஆகஸ்ட் 15இல் காணாமற்போன அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார் நினைவுக்கு வருகின்றார். அவரிடம் பயின்ற மாணவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். இவ்வயதினர் மீண்டும் பந்தைக் கையிலெடுப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் முதல் நாளிலேயே பழைய வேகத்தைத் தேடுவதுதான் ஆபத்து. மூச்சும் தசைகளும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண்கள் வலுப்பெற அதனினும் நீண்ட காலம் செல்லும். பயிற்சியின்றித் திடீரெனப் பாய்ந்து குதிக்கும் நடுத்தர வயது ஆண்களுக்கே குதிகால் நாண் பெரிதும் அறுகின்றது. எனவே ஆரம்ப வாரங்களில் விரைவு நடை, குதிகால் உயர்த்தும் பயிற்சி, நின்றபடியே கூடைக்கு எறிதல் என்பவற்றோடு அமைவது நன்று. நீரிழிவு, உயர் குருதியமுக்கம் உடையோர் முதலில் வைத்தியரைக் காண வேண்டும்.

ஐவர் அணியும் அவசியமில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் அறிமுகமான மூவர் ஆட்டத்துக்கு அரை மைதானமும் ஒரு கூடையும் போதும். 10 நிமிடத்திலோ 21 புள்ளியிலோ முடிந்துவிடும்.

மைதானத்துக்கு எங்கே போவது? மாலையானதும் பாடசாலை வாயில்கள் பூட்டப்படுகின்றன. பெண்களுக்குத் தனி நேரம் உட்பட, வாரத்தில் இரு மாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் பொறுப்பேற்க முன்வந்தால், அதிபர்கள் திறப்பைத் தர மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகின்றோம்.