உச்சம் தொட்ட சந்தையும் உதவித்தொகைக் கணக்கும்

பங்குச் சந்தை புதிய உச்சம் என்று தொலைக்காட்சியில் எழுத்து ஓடினால் போதும், காலனியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் செல்பேசிக்கு அழைப்பு வந்துவிடுகிறது. தினமும் இரண்டாயிரம் சம்பாதிக்கலாம், எங்கள் டெலிகிராம் குழுவில் சேருங்கள் என்கிறார்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிற காலம் இது. அந்தக் கணக்கில் பணம் ஏறுகிற நேரமும் சந்தை உச்சம் தொடுகிற நேரமும் ஒன்றாக அமைந்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் கவலை.

முதலில் அந்த உச்சம் எதனுடைய உச்சம் என்று பார்ப்போம். சென்செக்ஸ் என்பது 30 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையை வைத்துப் போடும் கணக்கு. 1978-79ஆம் ஆண்டை 100 என்று வைத்துக்கொண்டு எண்ணிவருகிறார்கள். 2024 செப்டம்பர் 27 அன்று அது 85,978 வரை போனது. உச்சத்தில் இருக்கிறதே என்று அன்றைக்குப் பணம் போட்டவர்கள், அடுத்த ஏப்ரலில் அது 73,000 சொச்சத்துக்கு இறங்கியதைப் பார்த்தார்கள். 2025 நவம்பர் கடைசியில்தான் 86,000-ஐத் தாண்டியது. நடுவில் 14 மாதம். அந்த 14 மாதத்தில் வீட்டில் ஒரு சாவோ, பிரசவமோ, கல்லூரிக் கட்டணமோ வந்திருந்தால் நட்டத்துக்கு விற்றுத்தான் ஆக வேண்டும். காத்திருக்க முடிந்தவருக்கு மட்டுமே அது உச்சம்.

குறியீடு ஏறினால் கையில் இருக்கும் பங்கும் ஏறும் என்ற உறுதியும் கிடையாது. கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த எல்.ஐ.சி.யையே எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதம் அதன் பங்குகளை ஒன்று 949 ரூபாய்க்கு விற்றார்கள். பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி. குறைந்தது 15 பங்கு வாங்க வேண்டும் என்பதால் 13,335 ரூபாய் ஆனது. முதல் நாளே விலை 900-க்குக் கீழே போய், அடுத்த ஆண்டு மார்ச்சில் 550-க்கும் கீழே விழுந்தது. 2024-இல் ஆயிரத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் சென்செக்ஸ் 86,000-ஐத் தாண்டிய 2025 நவம்பரில், எல்.ஐ.சி. பங்கு வெளியிட்ட விலைக்கும் கீழேதான் இருந்தது. மூன்றரை ஆண்டில் சென்செக்ஸ் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது.

இதெல்லாம் பங்கு வாங்கி வைத்திருப்பவர் கதை. டெலிகிராம் குழுக்கள் பெரும்பாலும் விற்பது பங்கை அல்ல, ஆப்ஷன் வர்த்தகத்தை. மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, குறித்த தேதிக்குள் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் போய்விடும் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான். கெடு வாரக்கணக்கில் இருக்கும். சந்தை ஏறும் என்று பணம் கட்டி, ஏறாவிட்டால் கட்டியது முழுவதும் போகும்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 100-க்கு 93 பேருக்கு நட்டம். மொத்தமாக 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. இறங்கியவர்களில் நான்கில் மூன்று பேர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழ் என்று சொன்னவர்கள். எதிர்ப்பக்கம் யார்? 2023-24-இல் மட்டும் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தில் பெரும்பகுதி கணினி நிரல்கள் போட்ட வர்த்தகத்தில் வந்தது. விடுதியில் ஒரு செல்பேசியை வைத்துக்கொண்டு நம் பிள்ளை மோதுவது இவற்றோடு. விதிகளைக் கொஞ்சம் இறுக்கிய பிறகும், 2024-25-இல் 100-க்கு 91 பேர் தோற்றார்கள்.

சந்தைப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பணத்தின் சூட்சுமம் நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ரூபாயைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதிய ஆய்வு 1923-லேயே நூலாக வந்தது. அதற்கு முன், 1917-இல் பரோடாவில் தங்க இடமின்றி விரட்டப்பட்டு பம்பாய் திரும்பியவர், பிழைப்புக்காகப் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள், மூட வேண்டியதாயிற்று என்று அவர் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் குறிப்பிடுகிறார். இன்று டீமேட் கணக்குத் திறக்கும்போது சாதி கேட்பதில்லை. பல ஆண்டுகள் தொடாமல் விட்டுவைக்கக்கூடிய பணம் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த குடும்பங்களில் அப்படிப்பட்ட பணம் எங்கிருந்து வரும்?

ஆகவே வரிசை முக்கியம். மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். எந்தச் சந்தையும் ஆண்டுதோறும் அவ்வளவு தராது. அந்தக் கடனை அடைப்பதே கிடைக்கக்கூடியதில் பெரிய லாபம். அதற்குப் பிறகு ஆறு மாதச் செலவுக்கு அஞ்சலகத்திலோ வங்கியிலோ பணம் நிற்க வேண்டும். அதன் பிறகும் மிஞ்சினால், வேலைக்குப் போகும் பிள்ளைகள் குறியீட்டை அப்படியே பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஐந்நூறோ ஆயிரமோ போட்டுவரலாம். உதவித்தொகையும் மகளிர் குழுக் கடனும் இந்தக் கணக்கில் சேராது. யாராவது மாதம் இவ்வளவு உறுதி என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஆருத்ரா வழக்கில் சுமார் ஒரு லட்சம் பேர் கட்டிய பணம் 2,400 கோடிக்கு மேல் என்கிறது காவல்துறை. வட மாவட்டங்களில் அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை.

நம்மில் பலருக்குத் தெரியாமலே சந்தையில் ஒரு பங்கு இருக்கிறது. தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் பெண்கள், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரின் சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். பணம்தான் அது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சேரும் தொகையில் 15 சதவீதம் வரை, சென்செக்ஸ், நிஃப்டியைப் பின்பற்றும் ஃபண்டுகளில் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் போடுகிறது. அதற்கு 2024-25-இல் அறிவித்த வட்டி 8.25 சதவீதம். சந்தை விழுந்தால் ஒரேயடியாகக் கரைந்துபோகிற பணம் அல்ல இது.

ஆனால் ஒப்பந்ததாரர் கட்டினால்தான் இது கணக்கில் ஏறும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு அலுவலகத்தில் கட்டாமல் விடுகிறார்கள் என்ற புகார் ஊருக்கு ஊர் இருக்கிறது. யு.ஏ.என். எண்ணோடு இணைத்த செல்பேசியிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், கடைசியாக எவ்வளவு ஏறியது, இருப்பு எவ்வளவு என்று குறுஞ்செய்தி வரும். கட்டணம் கிடையாது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்று மாலையே அம்மாவின் செல்பேசியிலிருந்து கொடுத்துப் பார்க்கட்டும். சீட்டில் பிடித்த தொகை கணக்கில் இல்லையென்றால், சம்பளச் சீட்டின் நகலோடு மண்டல பி.எஃப். அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம்.