முன்னோர் வந்த வழி

நம் குடும்பத்தின் மூலபுருஷர் எவ்வூரினின்றும் வந்தார் என்னும் வினா எந்த இல்லத்திலும் ஒருநாள் எழவே செய்யும். அதற்குப் பாட்டி சொன்ன கதை ஒரு விடை தரும். பழைய ஏடு மற்றொரு விடை தரும். இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போர் சிலரே.

மதுரையில் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்ய நாம் சென்றிருந்தபோது, சௌராஷ்டிர மரபினரான முதிய அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகினார். "ஐயா, எங்கள் மூதாதையைத் திருமலை நாயக்க மன்னரே அழைத்து வந்து பட்டு நெய்யச் செய்தார். அன்று முதல் இவ்வூரை விட்டு நாங்கள் நகர்ந்ததில்லை. இதற்கு ஆதாரம் கிடைக்குமா?" என்று கேட்டார். பரமக்குடி நெசவாளர் வீட்டிலிருந்து அவருடைய பேத்திக்கு வரன் வந்திருந்தது. அரண்மனைக்கு நெய்த வீடு வெளியூரில் சம்பந்தம் செய்யலாமா என்பது அவர் தயக்கம்.

அவர் கூறிய கதை வெறுங்கதை அன்று. சௌராஷ்டிரர் திருமணத்தில் இரு வீட்டாரும் வினாவும் விடையுமாக முன்னோரின் பயணத்தைச் சொல்லும் வழக்கம் உண்டு. சௌராஷ்டிரம், தேவகிரி, விஜயநகரம், மதுரை என்பது அதன் வரிசை. அவர்களது மொழியும் இதற்குச் சான்று பகர்கிறது. குஜராத்தியை அடியாகக் கொண்ட அம்மொழியில் மராத்தியும் தெலுங்கும் தமிழும் வழிநெடுகச் சேர்ந்துள்ளன.

கல்வெட்டும் ஒன்று உண்டு. லாட நாடு எனப்பட்ட தென் குஜராத்திலிருந்து பட்டு நெசவாளர் குழு ஒன்று, இன்று மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோருக்குக் குடிபெயர்ந்தது. அக்குழு கி.பி. 437-இல் அங்கே சூரியன் கோயில் ஒன்றை எழுப்பியது. 36 ஆண்டுகள் கழித்து 473-இல் அதே குழு அதனைப் புதுப்பித்தது. கூட்டாக ஈட்டிக் கூட்டாகச் செலவிட்ட அந்நெசவாளர் நம் கூட்டுறவுக்கு முன்னோடிகள் என்னலாம். எனினும் அக்கல்வெட்டு மதுரையைக் குறிக்கவில்லை. அவர்களையும் மதுரையாரையும் இணைப்பது அறிஞர் சிலரின் ஊகமே.

மதுரைக்கு நெருங்கிய சான்று ராணி மங்கம்மாள் காலத்தது. இம்மரபினரின் சடங்குரிமை பற்றிய வழக்கில் அவர் அரசு ஓலைத் தீர்ப்பு வழங்கிய செய்தியைத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் காணலாம். ஆகவே 1700-ஆம் ஆண்டளவில் இவர்கள் மதுரையில் வேரூன்றியிருந்தனர் என்பது தெளிவு.

ஆனால் இவையெல்லாம் ஒரு சமூகத்தின் வரலாறு. ஒரு வீட்டின் வரலாறு ஆகா. அதற்கு வீட்டுக் காகிதமே வேண்டும். பெரியவர் வீட்டுப் பெட்டியிலிருந்த பத்திரங்களோ முன்னமே பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போய்விட்டன.

அப்போது சங்கத்தின் பரண் நினைவுக்கு வந்தது. செல்லரித்தவை என்று கழித்துவிடக் கட்டிவைத்திருந்த ஏடுகளுள் முதல் அங்கத்தினர் சேர்க்கைப் பதிவேடும் இருந்தது. அதில் பெரியவருடைய தந்தையாரின் பெயரும் வீட்டுப் பெயரும் கையொப்பமும் கண்டோம். பிறந்த ஊர் என்னும் பத்தியில் எழுதியிருந்த ஊர் பரமக்குடி.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. தந்தையின் கையொப்பத்தை விரலால் தடவிப் பார்த்தார். பின்னர், "அப்படியானால் என் பேத்தி சொந்த ஊருக்கல்லவா போகிறாள்!" என்றார்.

கதை பொய்த்ததென நாம் கருதவில்லை. மரபு வந்த நெடுவழியைக் கதை சொன்னது. அவ்வழியின் கடைசிக் காதத்தை ஏடு சொன்னது.

அங்கத்தினர்களே! முதியோர் சொல்வதை இன்றே எழுதி வையுங்கள்; சொன்னவர் பெயரையும் நாளையும் உடன் குறியுங்கள். நெசவாளர் பாவு நூல் கணக்கையும், உழவர் பழைய பட்டா, தீர்வை ரசீதுகளையும் காத்து வையுங்கள். நிர்வாகக் குழுவினர் பழைய பதிவேட்டை ஒருபோதும் கழிக்க வேண்டாம். பங்குத் தொகையை மட்டுமன்றி, அங்கத்தினரின் பாட்டனையும் அதுவே காத்து நிற்கிறது.