சீட் அவர்களுக்கு, சங்கடம் இவர்களுக்கு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களுக்குத் தேர்தலில் ஓட்டு இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பு கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் இல்லை. வேட்பாளர் சண்டை முடிந்து தூசி அடங்கும்போது குழம்பி நிற்பது இவர்கள்தான்.

அது 2024 அக்டோபர் 31. தமிழர்களுக்குத் தீபாவளி நாள். மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலுக்கு மனுத்தாக்கல் முடிந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. ஆன்டாப் ஹில், பிரதீக்ஷா நகர் பக்கம் எண்ணெய்க் குளியல் முடித்துப் பலகாரத் தட்டோடு உட்கார்ந்தவர்களுக்கு டி.வி.யில் வந்தது அந்தச் செய்தி. காங்கிரசில் 44 ஆண்டுகள் இருந்தவரும் ஐந்து முறை கவுன்சிலரும் மும்பை மாநகராட்சியின் முன்னாள் எதிர்க்கட்சித் தலைவருமான ரவி ராஜா கட்சியை விட்டு விலகினார். அன்றைக்கே தேவேந்திர ஃபட்னவிஸ் முன்னிலையில் பா.ஜ.க.வில் சேர்ந்தார்.

காரணம் ரகசியமல்ல. சயான் கோலிவாடா தொகுதியை அவர் கேட்டார். காங்கிரஸ் அதை கணேஷ் யாதவுக்குக் கொடுத்தது. 2019 தேர்தலில் அதே தொகுதியில் பா.ஜ.க.வின் தமிழ்ச்செல்வனிடம் ஏறக்குறைய 14,000 வாக்குகளில் தோற்றவர் யாதவ். தோற்றவருக்கே மறுபடியும் சீட்டா என்பது ஒரு தரப்பின் கேள்வி. ஐந்து வருடமாகத் தொகுதியில் உழைத்தவரை மாற்றுவதா என்பது இன்னொரு தரப்பின் கேள்வி. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எது சரி என்று தொகுதியில் உள்ள கட்சிக்காரர்களையோ ஆதரவாளர்களையோ கேட்டுத் தீர்ப்பதற்கு வழிதான் இல்லை.

தமிழர்களுக்கு இந்தத் தொகுதி சாதாரணமானதல்ல. 2014 முதல் இங்கே வென்று வரும் கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 2008 நவம்பர் 26 இரவு சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் சுட்டபோது காயம்பட்டவர்களை மருத்துவமனைக்கு அனுப்ப உதவியவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய கட்சியைப் பிடிக்காத தமிழருக்கும் அந்தப் பெயரைத் தாண்டி விரலை நகர்த்துவது சுலபமல்ல.

தலைமுறை தலைமுறையாகக் 'கை'க்கே ஓட்டுப் போட்டுப் பழகிய ஒரு தமிழ் வாக்காளர் நவம்பர் 20 அன்று இங்கே எப்படி நின்றிருப்பார்? எதிரே இருப்பவர் நம்மூர்க்காரர். கூப்பிட்டால் வருவார் என்று இருந்த தம் கட்சிக்காரர் இப்போது எதிர்முகாமில். தம் கட்சி நிறுத்தியிருப்பவர் ஒருமுறை தோற்றவர். அவருக்குத் தோள் கொடுப்பதாகச் சொல்லும் கூட்டணித் தோழன் உத்தவ் தாக்கரேயின் சிவசேனை. 1966இல் பிறந்தபோது தென்னிந்தியர்களை விரட்டுவதையே முதல் வேலையாக வைத்திருந்த கட்சியின் வாரிசு அது. கொள்கை ஒரு பக்கம் இழுக்கிறது, பழக்கம் ஒரு பக்கம், பாசம் ஒரு பக்கம், பழைய காயம் இன்னொரு பக்கம்.

முடிவு தெரிந்ததே. தமிழ்ச்செல்வன் 7,895 வாக்குகள் வித்தியாசத்தில் மூன்றாவது முறையாக வென்றார். ரவி ராஜா இருந்திருந்தால் காங்கிரஸ் ஜெயித்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு அவ்வளவு நேரானதல்ல. அவர் போன பிறகும் யாதவ் 2019ஐ விட இடைவெளியைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்திருக்கிறார். ஆனால் 8,000க்கும் குறைவான வித்தியாசத்தில் முடிந்த ஒரு போட்டியில், கடைசி மூன்று வாரம் சொந்த வீட்டுச் சண்டையைப் பற்றியே பேச நேர்ந்தது எந்தக் கட்சிக்கும் லாபமாக இருந்திருக்க முடியாது.

ஒரே தொகுதி, பல கோஷ்டி

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றும் அடங்கியது தென் மத்திய மும்பை மக்களவைத் தொகுதி. 2024 மக்களவைத் தேர்தலிலும் இங்கே இதே கதைதான். அப்போது தாராவி எம்.எல்.ஏ.வாகவும் மும்பை காங்கிரஸ் தலைவராகவும் இருந்த வர்ஷா கெய்க்வாட் இந்தத் தொகுதியை எதிர்பார்த்தார். அவருடைய அப்பா ஏக்நாத் கெய்க்வாட் 2009இல் வென்ற தொகுதி அது. ஆனால் காங்கிரசோடு பேசி முடிப்பதற்கு முன்பே உத்தவ் சேனை அனில் தேசாயை அறிவித்துவிட்டது. வர்ஷா தன் அதிருப்தியை மறைக்கவில்லை. கடைசியில் அவருக்குப் பக்கத்துத் தொகுதியான வட மத்திய மும்பை கிடைத்தது. உடனே அங்கே அதை எதிர்பார்த்திருந்த நசீம் கான் கோபித்துக்கொண்டார். ஒரு முஸ்லிமுக்குக்கூட மகாராஷ்டிரத்தில் சீட் இல்லையா என்று கேட்டு, பிரசாரத்துக்கு வரமாட்டேன் என்றார்.

அதே ஆண்டு ஜனவரியில் மிலிந்த் தேவ்ரா ஷிண்டே சேனைக்குப் போனார். ஏப்ரலில் சஞ்சய் நிரூபம் நீக்கப்பட்டார். இருவர் கதையிலும் அடிநாதம் ஒன்றுதான்: எந்தத் தொகுதி யாருக்கு?

வேடிக்கை என்னவென்றால், இத்தனை குத்துவெட்டுக்குப் பிறகும் அந்த மே மாதம் வாக்காளர்கள் கூட்டணியைக் கைவிடவில்லை. அனில் தேசாய் 53,000க்கும் அதிகமான வாக்குகளில் ராகுல் ஷெவாலேயை வென்றார். வர்ஷா கெய்க்வாட் உஜ்வல் நிகமை 16,514 வாக்குகளில் வென்றார். லுங்கிக்காரர்களை விரட்டக் கிளம்பிய கட்சியின் ஒரு பாதிக்குத் தாராவித் தமிழர்களில் கணிசமானவர்கள் வாக்களிக்க நேர்ந்தது மும்பை அரசியலின் விசித்திரங்களில் ஒன்று.

செம்பூரில் நடந்தது இன்னும் சுவாரசியம். 2014 தேர்தலில் பிரகாஷ் ஃபாதர்பேகர் செம்பூரிலும், துகாராம் காதே பக்கத்து அணுசக்தி நகரிலும் ஒரே சிவசேனையின் சார்பில் வென்றவர்கள். 2022 ஜூனில் சேனை உடைந்தது. 2024இல் இருவரும் செம்பூரிலேயே எதிரும் புதிருமாக நின்றார்கள். ஷிண்டே அணியின் காதே ஏறக்குறைய 10,000 வாக்குகளில் வென்றார். உட்கட்சிப் போட்டி என்பது இங்கே பொதுத் தேர்தலாகவே நடந்து முடிந்தது.

சேனை உடைந்த அந்த இரவுக்கும் செம்பூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2022 ஜூன் 20 மேலவைத் தேர்தலில் காங்கிரஸ் தன் முதல் வேட்பாளராக அறிவித்தவர் செம்பூர்த் தலைவர் சந்திரகாந்த் ஹண்டோரே. சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களே மாற்றி ஓட்டுப் போட்டதில் அவர் தோற்க, இரண்டாவது வேட்பாளர் பாய் ஜக்தாப் ஜெயித்தார். 2024இல் ஹண்டோரேயை மாநிலங்களவைக்கு அனுப்பிக் கட்சி பரிகாரம் தேடிக்கொண்டது. மாற்றி ஓட்டுப் போட்டவர்கள் யார், ஏன் என்று செம்பூர் வாக்காளருக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை.

போட்டியே இல்லாத வீடு

சண்டை வந்தால் சங்கடம். சண்டையே வராவிட்டால்? அதற்கு விடை தாராவி. தனித்தொகுதியான இங்கே ஏக்நாத் கெய்க்வாட் 1985இலிருந்து மூன்று முறை வென்றார். 2004 முதல் மகள் வர்ஷா. அவர் எம்.பி. ஆனதும் 2024 நவம்பரில் தங்கை ஜோதி கெய்க்வாட். வித்தியாசம் 23,459 வாக்குகள். இடையில் 1995இல் மட்டும் சிவசேனை புகுந்தது.

வாக்காளர்கள் மனமுவந்து கொடுத்த வெற்றிகள்தான் இவை. ஆனால் தாராவியில் இப்போது பணயம் பெரிது. சுமார் 600 ஏக்கர் நிலத்தைச் சீரமைக்கும் திட்டத்துக்கான டெண்டரை 5,069 கோடி ரூபாய் முதலீட்டு உறுதியோடு அதானி குழுமம் 2022 நவம்பரில் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு விதி, வேறு இடம். 500 சதுர அடி வேண்டும் என்கிறது உத்தவ் சேனை. திட்டத்தையே எதிர்த்து வந்தவர் வர்ஷா கெய்க்வாட்.

90 அடி சாலையில் கீழே கடை, மேலே குடித்தனம் என்று இருக்கும் ஒரு திருநெல்வேலிக் குடும்பத்துக்கு வேட்பாளர் யார் என்பது கோஷ்டி விவகாரமல்ல. மாடியில் இருக்கும் மகனுக்கு வீடு எங்கே என்ற கேள்வி. இதைக் கட்சிக்குள் நாலு பேர் நின்று, நாலு விதமாகப் பேசி, உறுப்பினர்கள் கேட்டு முடிவெடுத்திருந்தால் வாக்காளர் தெரிந்துகொள்ள எவ்வளவோ இருந்திருக்கும். ஒரே குடும்பத்துக்குச் சீட் போகும்போது அந்த விவாதமும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

ராகுல் செய்த சோதனை

கட்சிக்குள் தேர்தல் நடத்திப் பார்த்ததே இல்லையா? நடத்தினார்கள். 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு ராகுல் காந்தியின் யோசனைப்படி ஒரு சில தொகுதிகளில் மட்டும் காங்கிரஸ் நிர்வாகிகள் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். அனுபவம் இனிக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் வர்தாவில் வென்றவர் மூத்த தலைவர் தத்தா மேகேயின் மகன் சாகர் மேகே. பொதுத் தேர்தலில் தோற்றார். சில மாதத்தில் மேகே குடும்பமே பா.ஜ.க.வுக்குப் போனது. வதோதராவில் நரேந்திர ராவத் உட்கட்சித் தேர்தலில் வென்றார். நரேந்திர மோடி அங்கே நிற்கிறார் என்றதும் அவரை விலக்கி மதுசூதன் மிஸ்திரியை நிறுத்தினார்கள். தென் கன்னடத்தில் வீரப்ப மொய்லியின் மகனைத் தோற்கடித்த ஜனார்த்தன பூஜாரி பொதுத் தேர்தலில் பா.ஜ.க.விடம் தோற்றார். சோதனை அத்தோடு நின்றது.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். அங்கே வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிலும் காயம் உண்டு. 1980இல் எட்வர்ட் கென்னடியோடு மோதி வென்ற அதிபர் கார்ட்டர் களைத்துப்போய் ரீகனிடம் தோற்றார். ஆனால் 2008இல் ஜூன் வரை நீண்ட ஒபாமா - ஹிலாரி சண்டைக்குப் பிறகு ஹிலாரி மேடையேறி ஒபாமாவுக்கு ஆதரவு கேட்டார்; ஒபாமா ஜெயித்தார். அங்கே தோற்றவருக்குத் தன்னைத் தோற்கடித்தது யார் என்று தெரியும். எண்ணிப் பார்த்த ஓட்டு அது. இங்கே சீட் கிடைக்காதவருக்குத் தெரிவதெல்லாம், கட்சியின் ஏபி ஃபாரம் கடைசி இரவில் வேறு கைக்குப் போனது மட்டும்தான். சமாதானமாக ஒதுங்கி நிற்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

சட்டமும் கைகொடுக்கவில்லை. 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் ஏற்கனவே ஜெயித்தவர்களைத்தான் கட்டுப்படுத்தும்; சீட் கிடைக்காமல் தாவுபவரை அல்ல. கட்சிகளுக்குள் ஜனநாயகம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999இலேயே தன் 170வது அறிக்கையில் சொன்னது. அறிக்கை அலமாரியில் இருக்கிறது.

ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் 2026 ஜனவரியில் மும்பை மாநகராட்சித் தேர்தல் வந்தபோது குழப்பம் இன்னும் ஒரு சுற்று முறுக்கேறியது. 2024இல் கைகோத்து ஓட்டுக் கேட்ட காங்கிரசும் உத்தவ் சேனையும் இந்த முறை தனித்தனியாக நின்றன. உத்தவுடன் சேர்ந்தவர் ராஜ் தாக்கரே. பா.ஜ.க.வுக்குப் பிரசாரம் செய்ய வந்த அண்ணாமலையை அவர் 'ரசமலாய்' என்று கிண்டலடித்து, லுங்கிக்கு எதிரான பழைய கோஷத்தைத் தூசி தட்டி எடுத்தார். 227 இடங்களில் பா.ஜ.க.வுக்கு 89, உத்தவ் சேனைக்கு 65, காங்கிரசுக்கு 24.

இரண்டு வருடத்துக்கு முன் எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போடச் சொன்னார்களோ, அதற்கு எதிராகவே போடச் சொல்லி அதே ஆட்கள் அதே சந்துக்குள் வந்தார்கள். தாராவிக்காரர் இருவரிடமும் நோட்டீஸை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் கேட்க நினைத்த கேள்வி நோட்டீஸில் இல்லை: "இவரை நிறுத்தலாமா என்று எங்களை யாராவது கேட்டீர்களா?"