ரெண்டு விசில்

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்கிறாரா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். மாற்று இதயம் கேட்டு வருபவர்களுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கும் நர்ஸ் நான். வயதைவிட அந்த எழுந்திருப்பு எனக்கு நிறையச் சொல்லும்.

அவருக்கு 67 வயது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். "இந்த வயசுல அப்பா தாங்குவாரா சிஸ்டர்?" என்றான் மகன். "என்னைக் கேளும்மா, முப்பது வருஷம் நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன்" என்றார் பெரியவர். கையூன்றாமல்தான் எழுந்தார்.

மகன் கேட்ட வயதுக் கேள்வி பழையதுதான். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல்முறையாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். நோயாளி ஐம்பதைத் தாண்டியவர். 18 நாளில் நிமோனியா கொண்டுபோய்விட்டது. பின்னாளில் பல மருத்துவமனைகள் 55 வயதோடு கதவைச் சாத்தின. இப்போது 70 வரை தயக்கமில்லை. அதற்கு மேல் ஆளைப் பார்த்து முடிவு. அமெரிக்க முன்னாள் துணை ஜனாதிபதி டிக் செனிக்கு முதல் மாரடைப்பு 37 வயதில். 2010இல் இதயத்துக்குத் துணையாக ஒரு பம்பு வைத்தார்கள். 2012இல் 71 வயதில் மாற்று இதயம் கிடைத்தது. 84 வரை இருந்தார். அந்த இதயம் ஓர் இளைஞருக்குப் போயிருக்கலாமே என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ரத்த வகை, உடல் அளவு, நாலு மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியுமா என்பதெல்லாம் ஒத்துவர வேண்டும். வயதான கொடையாளியின் இதயம் பெரும்பாலும் மூத்தவருக்குத்தான் பொருந்துகிறது.

வயதானவர்களுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. எதிர்ப்பு சக்தி கொஞ்சம் தளர்ந்திருப்பதால் புது இதயத்தை உடம்பு ஆவேசமாகத் தள்ளாது. அதே தளர்ச்சிதான் தொற்றுக்கும் புற்றுக்கும் வழிவிடுகிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரை சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். நன்றாகத் தேர்ந்தெடுத்தால் முதல் சில வருஷங்களில் இளையவர்களோடு பெரிய வித்தியாசமில்லை. நாள்பட நாள்பட இடைவெளி விரியும். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், நுரையீரல் அழுத்தம், நடை, வீட்டில் மாத்திரை எடுத்துத் தர ஆள் எல்லாவற்றையும் பார்க்கிறோம். கடைசியில் சொன்னதை நான் விடவே மாட்டேன்.

பெரியவருக்கு இதயம் கிடைத்தது. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை. ரத்த அளவு பார்க்கும் நாளில் ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. கழுத்து ரத்தக்குழாய் வழியே கம்பியை விட்டு இதயத்திலிருந்து கடுகளவு சதை கிள்ளும் பயாப்சிக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. காபி டம்ளர் மட்டும் விரல்களில் நடுங்கும். அதுவும் மாத்திரை வேலை.

மாற்றிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்துவிடும். சும்மா இருக்கும்போதே நூறையொட்டித் துடிக்கும். படியேறினால் ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகுதான் வேகம் எடுக்கும். "எழுந்ததும் ஓடாதீங்க" என்று அதை விளக்கினேன்.

"அதான் சமாச்சாரமா!" என்றார். "ரெண்டு விசில் கொடுத்து அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான்மா இந்த வண்டி நகருது."