பழைய பிஸ்டனின் சாட்சியம்

தமிழ்நாட்டின் இருசக்கர வாகனப் பட்டறைகளில் ‘ஹாஃப் இன்ஜின்’ என்று சொல்லப்படும் வேலை, கிராங்க் சாஃப்டும் கியர்களும் அடங்கிய அடிப்பெட்டியைப் பிரிக்காமல், அதன்மேல் அமர்ந்திருக்கும் சிலிண்டர் பிளாக், பிஸ்டன், ஹெட் ஆகியவற்றை மட்டும் கழற்றிச் செப்பனிடுவதாகும். முழு இன்ஜினையும் பிரிப்பதைவிட இதற்குச் செலவும் நேரமும் குறைவு என்பதால், புகை கக்கும் வண்டிக்கும் இழுவை குறைந்த வண்டிக்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுவே. ஆனால் பழுதின் காரணத்தைக் கண்டறியாமல் பாகங்களை மட்டும் மாற்றினால், பழைய பிஸ்டன் அழிந்த வழியிலேயே புதிய பிஸ்டனும் அழியும். செப்பனிட்ட வண்டி சில மாதங்களில் அதே பட்டறைக்குத் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்த வேலையை விளக்க, 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டியுடன் இந்தியச் சாலைகளுக்கு வந்து, 1994-இல் வெளிவந்த ஸ்ப்ளெண்டர் மூலம் ஊர்தோறும் பரவிய 97.2 சி.சி. இன்ஜினை எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். நான்கு வீச்சில் இயங்கும் இந்த இன்ஜினில் சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம் 49.5 மி.மீ. சிலிண்டர் செங்குத்தாக நிற்காமல் முன் சக்கரத்தை நோக்கி ஏறத்தாழப் படுத்திருப்பதால், இதில் மேல்பகுதி எனப்படுவது உண்மையில் முன்பகுதியே. பழுது பார்க்கும்போது இந்தச் சாய்வு சில கணக்குகளை மாற்றும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது பிஸ்டன் ஒரு நொடியில் 100 முறை முன்னும் பின்னும் சென்று வருகிறது. அதன் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர். இந்த வேகத்தில் உராயும் இரண்டு உலோகப் பரப்புகளையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பழுதின் பாதியை அறிந்துவிடலாம். சைலன்சரிலிருந்து வரும் நீலம் கலந்த புகை, இன்ஜின் ஆயில் எரிகிறது என்பதைக் காட்டுகிறது. ஆனால் அது எப்போது வருகிறது என்பதைக் கவனிப்பதே முக்கியம். மேட்டில் ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதும் தொடர்ந்து புகை வந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு வந்து மீண்டும் முறுக்கும்போது மட்டும் புகை வந்தால், வால்வின் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் தளர்ந்து, ஆயில் தண்டு வழியே எரியறைக்குள் கசிகிறது என்று கொள்ளலாம். இரண்டாவது நிலைக்குப் புதிய பிஸ்டன் போடுவது வீண் செலவு. கரும்புகை என்பது பெட்ரோல் மிகுதியாக எரிவதன் அடையாளம். அதற்கு ஹெட்டைக் கழற்றவே வேண்டியதில்லை.

இழுவை குறைந்த வண்டியில் அடுத்துப் பார்க்க வேண்டியது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் அளவியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்துக் கிக்கரைப் பலமுறை மிதித்தால் முள் ஓர் எண்ணில் நிற்கும். எண் குறைவாக இருந்தாலும், டேப்பெட் இடைவெளியைச் சரிபார்க்காமல் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. டேப்பெட் இடைவெளி என்பது ராக்கர் ஆர்ம் எனும் நெம்புகோலின் முனைக்கும் வால்வின் நுனிக்கும் இடையே விடப்படும் நுண்ணிய இடைவெளி. வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கி, ஒரு கட்டத்தில் வால்வு முழுமையாக மூடாமலே நிற்கும். அந்த நிலை தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்டால், சில நிமிட வேலையில் போன கம்ப்ரஷன் திரும்பிவிடும்.

டேப்பெட் சரியாக இருந்தும் அழுத்தம் குறைவாக இருந்தால், பிளக் துளை வழியே சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளப்பது பழைய வழக்கம். அளவு உயர்ந்தால் ரிங்குகளில் பழுது, உயராவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ பழுது என்பது அதன் தருக்கம். நின்ற சிலிண்டரில் நன்றாகப் பலன் தரும் இந்தச் சோதனை, படுத்த சிலிண்டரில் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. விட்ட ஆயில் ரிங்கைச் சுற்றிலும் பரவாமல் கீழ்ப்பக்கமாகத் தேங்கிவிடும். இத்தகைய இன்ஜினுக்குக் காற்றுச் சோதனையே சிறந்தது. இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை நிறுத்தி, பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தினால், காற்று எங்கே சீறுகிறது என்பதே பழுதின் இடத்தைச் சொல்லிவிடும். கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங்.

பிரித்தெடுத்த பிறகு பழைய பிஸ்டனைத் தூக்கி எறிவதுதான் பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு. இன்ஜினுக்குள் நடந்தவற்றுக்கு அதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை. அதன் பக்கச்சுவர் மணல் தாளால் தேய்த்ததுபோல மங்கி, நெருக்கமான மெல்லிய நெடுங்கோடுகளைக் கொண்டிருந்தால், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே தூசி உள்ளே சென்றிருக்கிறது. ஃபில்டரை மாற்றாமல் பிஸ்டனை மாற்றுவதில் பொருளில்லை. ஆழமான கீறல்களும், அலுமினியம் உருகி இழுபட்டு ரிங்கின் பள்ளத்தை மூடிய தடங்களும் காணப்பட்டால், எண்ணெய்ப் படலம் அறுந்து பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்திருக்கிறது. இதையே பட்டறையில் ‘இன்ஜின் சீஸ்’ என்கின்றனர். ரிங்குகளுக்குக் கீழே பழுப்பும் கருப்புமாகப் படிந்த கறை, எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கசிந்ததைக் காட்டுகிறது. பிஸ்டனின் தலை விளிம்பு அரிக்கப்பட்டு உருகியிருந்தால், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காமலோ எரிதல் முறை தவறியோ அளவுக்கு மீறிய வெப்பம் எழுந்திருக்கிறது. அப்போது குற்றவாளியைக் கார்புரேட்டரிலோ இக்னிஷனிலோ தேட வேண்டும்.

இதே கட்டத்தில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் கையால் பிடித்துப் பார்ப்பது கட்டாயம். பக்கவாட்டில் அது சிறிது நகர்வது இயல்பே. ஆனால் தன் நீளத்தின் திசையில் இழுத்துத் தள்ளும்போது ‘டக்’ என்று ஆட்டம் தெரிந்தால், கிராங்கோடு சேரும் இடத்தின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அத்தகைய இன்ஜினுக்கு ஹாஃப் இன்ஜின் வேலை செய்வது, அடித்தளம் சரிந்த வீட்டுக்குக் கூரை மாற்றுவதற்கு ஒப்பானது. வெள்ள நீரில் மூழ்கிய வண்டிகளிலும் இதே எச்சரிக்கை தேவை: காற்றைப் போல நீர் அழுந்தாது, ஆகவே பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்ய முயன்றால், கனெக்டிங் ராடே வளைந்துவிடக்கூடும்.

சிலிண்டரின் தேய்மானத்தைக் கண்ணால் முடிவு செய்ய இயலாது. மேல் ரிங் வந்து திரும்பும் இடத்திலேயே தேய்மானம் மிகுதியாக இருக்கும். அதற்கு மேலே ரிங் தொடாத குறுகிய பட்டை மட்டும் தேயாமல் நிற்பதால், நகத்தை ஓட்டினால் ஒரு படி தட்டுப்படும். படி தட்டுப்பட்டதும் டயல் போர் கேஜ் எனும் உள்விட்ட அளவியால் மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களில், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில், மொத்தம் ஆறு அளவுகள் எடுக்க வேண்டும். பிஸ்டனை மைக்ரோமீட்டரால் அதன் பாவாடைப் பகுதியின் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே, அதைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பின்’ செல்லும் திசைக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். பிஸ்டன் பார்வைக்கு உருளை போலத் தோன்றினாலும், வெப்பத்தில் விரிவதைக் கருதி, தலைப்பக்கம் ஒடுங்கியும் குறுக்குவெட்டில் சற்றே நீள்வட்டமாகவும் செய்யப்படுவதே இதற்குக் காரணம். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே புதிய நிலையில் இருப்பது ஒரு தலைமுடியின் தடிமனை எட்டாத இடைவெளிதான்; அது 0.1 மி.மீ. அளவை நெருங்கினாலே தட்டும் ஓசையும் புகையும் தொடங்கிவிடும்.

இரும்பு ஸ்லீவ் கொண்ட சிலிண்டரை லேத் பட்டறையில் குடைந்து விரித்து, 0.25, 0.50 மி.மீ. எனப் படிப்படியாகப் பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன்களைப் போட முடியும். புதிய பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத்காரரிடம் கொடுத்து, அதன் உண்மையான அளவுக்கு ஏற்பச் சிலிண்டரைக் குடையச் சொல்வதே சரியான வரிசை; பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பிக் குடைந்த சிலிண்டர் பின்னர் இறுக்கமாகவோ தளர்வாகவோ அமையக்கூடும். ஸ்லீவ் இல்லாமல் அலுமினியத்தின் மேலேயே கடினப் பூச்சு இடப்பட்ட சிலிண்டர்கள் பல புதிய வண்டிகளில் உள்ளன. அவற்றைக் குடைந்தால் பூச்சே போய்விடுமாதலால், பிளாக்கும் பிஸ்டனும் சேர்ந்த முழுத் தொகுதியையே மாற்ற வேண்டும்.

குடைந்த பிறகு ஹோனிங் கற்களால் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இழைக்கப்படுகின்றன. பரப்பு கண்ணாடியைப் போல வழவழப்பாக இருந்தால் எண்ணெய் நிற்காது. இந்தக் கோடுகளே எண்ணெயைப் பிடித்து வைத்து, புதிய ரிங்குகள் சுவரோடு இழைந்து பழகவும் உதவுகின்றன. ஆனால் கற்களிலிருந்து உதிர்ந்த துகள்களும் அதே கோடுகளில் தங்கியிருக்கும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கொண்டு கழுவினால் அழுக்கு போனதுபோல் தோன்றும், துகள் போகாது. சோப்பும் வெந்நீரும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, உலர்த்தி, ஆயில் தோய்த்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் படிவது நிற்கும்வரை கழுவுதல் முடியவில்லை என்றே பொருள். காசு செலவில்லாத இந்த அரைமணி நேர வேலையைத் தவிர்ப்பவர்கள், புதிய ரிங்குகளோடு கல் துகளையும் சேர்த்தே உள்ளே பூட்டுகிறார்கள்.

ஹெட்டைப் பொறுத்தவரை, தட்டையான உருக்குச் சட்டத்தை அதன் முகத்தில் வைத்து, ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளை இடையில் நுழைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். வால்வுகளைச் சோதிக்க எளிய முறை, அவற்றை மூடிய நிலையில் வைத்து வாயு வரும் வழியில் சிறிது பெட்ரோல் ஊற்றுவது. எரியறைப் பக்கம் ஈரம் கசிந்தால், கிரைண்டிங் பேஸ்ட் தடவி வால்வை அதன் இருக்கையிலேயே முன்னும் பின்னும் சுழற்றி, சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். வால்வின் தண்டு, அதைத் தாங்கும் கைடுக்குள் பக்கவாட்டில் ஆடினால் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. கைடை மாற்றியாக வேண்டும்.

பூட்டும்போது ஒவ்வொரு ரிங்கையும் முதலில் தனியே சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளப்பது நல்லது, 50 மி.மீ. விட்டத்துக்கு அது ஏறத்தாழ 0.2 மி.மீ. அளவில் இருக்கும். ரிங்கில் பொறித்த எழுத்து பிஸ்டனின் தலையை நோக்க வேண்டும். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் 120 பாகை விலகி நிற்க வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள ‘இன்’ குறி இன்லெட் வால்வை, அதாவது இந்த இன்ஜினில் மேல்பக்கத்தை, நோக்கும். பின்னைத் தாங்கும் சர்க்ளிப்பைப் போடும் முன் அடிப்பெட்டியின் வாயைச் சுத்தமான துணியால் அடைக்காவிட்டால், கையிலிருந்து தெறிக்கும் சிறு கம்பியொன்று ஹாஃப் இன்ஜின் வேலையை ஃபுல் இன்ஜின் வேலையாக்கிவிடும். மேக்னட் சக்கரத்தின் ‘டி’ குறியும், டைமிங் செயின் பல்சக்கரத்தின் குறியும் தத்தம் அடையாளங்களுக்கு நேரே வந்த பின்னரே செயினைப் பூட்ட வேண்டும். ஹெட் நட்டுகளின் அடியிலுள்ள வாஷர்களில் ஒன்று செம்பால் ஆனது என்றால், அது கழற்றப்பட்ட இடத்துக்கே திரும்பச் செல்ல வேண்டும். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் வழி அங்கேயே இருப்பதால் அந்த மென்மையான செம்பு அங்கு கசிவைத் தடுக்கிறது. நட்டுகளை மூலைவிட்டமாக மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ஸ்பானரால் கையேடு கூறும் அளவுக்கு இறுக்குவதே முறை.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களுக்குள் டேப்பெட் மூடியைத் திறந்து, ஆயில் ஹெட்டுக்கு ஏறிவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாமலும், நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடாமலும், வேகத்தை மிதமாக ஏற்றி இறக்கி ஓட்டுவது ரிங்குகள் படிய உதவும். புதிய பரப்புகளிலிருந்து உதிரும் உலோகத் துகள்கள் கலந்திருப்பதால், முதல் ஆயிலை வழக்கத்தைவிட விரைவாக மாற்றுவதும், இன்ஜின் முழுவதும் ஆறிய பின் டேப்பெட்டை மீண்டும் அளப்பதும் தேவை.

வண்டி உரிமையாளர் செய்ய வேண்டியது இரண்டு. வேலை முடிந்ததும் பழைய பிஸ்டனையும் லேத் பட்டறையின் அளவுச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை வண்டியை மைய ஸ்டாண்டில் நிறுத்தி ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினின் ஆயில் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான்; அதில் கால்பங்கு குறைந்தாலும் அபாயம். அளவுகோலைத் துடைத்துவிட்டு, திருகாமல், துளையின்மேல் அமரவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். திருகி எடுத்தால் அது இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும்.