தோற்றுப் பழகிய அணிக்கு வந்த பயிற்சியாளர்

அமெரிக்காவின் பெரிய கல்லூரி அணிகளிலேயே மிக மோசமானது எது? 1989-ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் இதற்கு விடையாக ஒரே ஓர் அணியைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. அது கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி. முதல்நிலைப் பிரிவில் 500 தோல்விகளை முதலில் எட்டிய அணி என்ற பெயர் அதற்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1986 அக்டோபருக்குப் பிறகு அது ஓர் ஆட்டத்தில்கூட வென்றிருக்கவில்லை.

நம் ஊர் மைதானங்களில் ஆடும் கால்பந்து அல்ல இது. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதும் ஆட்டம். கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கவே பல்லாயிரம் பேர் திரள்வார்கள். அந்த நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் மானம் சனிக்கிழமைதோறும் இந்த மைதானத்தில்தான் நிறுக்கப்படுகிறது.

1988 நவம்பரில் பில் ஸ்னைடர் இந்த அணியை ஏற்றபோது அவருக்கு வயது 49. அதற்கு முன் அயோவா பல்கலைக்கழகத்தில் ஹேடன் ஃப்ரையின் கீழ் தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். அவர் வந்து சேர்ந்த மன்ஹாட்டன், கான்சஸ் மாநிலத்தில் உள்ள சிறிய ஊர். சுற்றுவட்டாரத்தில் திறமையான பள்ளி ஆட்டக்காரர்கள் குறைவு. இருப்பவர்களுக்கும் லாரன்ஸ் நகரத்துக் கான்சஸ் பல்கலைக்கழகம் போட்டிக்கு நிற்கும். ஆடும் பிரிவிலோ நெப்ராஸ்கா, ஓக்லஹோமா என்ற இரண்டு மலைகள்.

இத்தனை இடர்களையும்விடப் பெரியது, பையன்களின் மனதில் ஊறியிருந்த தோல்விதான் என்று நினைக்கிறேன். ஆட்டம் கைக்கு எட்டும் நேரத்தில், எப்படியும் தோற்கத்தானே போகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லுமே, அதை எந்தத் தந்திரத்தாலும் அடக்க முடியாது. ஸ்னைடர் பட்டம் வெல்வதைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கொஞ்சம் மேம்பட வேண்டும், அவ்வளவுதான் என்றார். 16 இலக்குகளை வகுத்துக் கொடுத்தார். அர்ப்பணிப்பு, தன்னலமின்மை, ஒற்றுமை என்று நீளும் அந்தப் பட்டியலில், எத்தனை ஆட்டம் வெல்ல வேண்டும் என்ற எண்ணிக்கை எங்கும் இல்லை.

முதல் பருவத்திலும் தொடக்கத்தில் மூன்று தோல்விகள். வெற்றியே காணாத ஆட்டங்கள் 30 ஆயின. 1989 செப்டம்பர் 30 அன்று, நார்த் டெக்சாஸ் அணிக்கு எதிராக நேரம் முடியும் கடைசி வீச்சில் கார்ல் ஸ்ட்ரா எறிந்த பந்தை ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் எல்லைக்குள் பிடித்தார். 20-17. அந்தப் பருவத்தின் ஒரே வெற்றி அதுதான். அடுத்த ஆண்டு 5, அதற்கடுத்த ஆண்டு 7. 1992-ல் மறுபடியும் 5. பல்கலைக்கழகம் பதறவில்லை. 1993-ல் 9 வெற்றிகள். பருவ முடிவில் தேர்ந்த அணிகளுக்கு மட்டுமே வாய்க்கும் பவுல் ஆட்டம் ஒன்றில் வயோமிங்கை 52-17 என வீழ்த்தியது. அந்த அணியின் முதல் பவுல் வெற்றி அது.

பெரிய பல்கலைக்கழகங்கள் தேடாத இடங்களில் ஸ்னைடர் ஆள் தேடினார். இரண்டாண்டுப் படிப்பு மட்டுமே உள்ள ஜூனியர் கல்லூரிகளிலிருந்து பலரை அழைத்து வந்தார். டெக்சாஸின் பிளின் கல்லூரியிலிருந்து வந்த மைக்கேல் பிஷப், 1998-ல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம் பெற்றார். உதவித்தொகை இல்லாமல் தாமாக வந்து சேரும் மாணவர்களையும் அவர் ஒதுக்கவில்லை. பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்து அப்படி வந்த ஜோர்டி நெல்சன், பின்னாளில் கிரீன் பே தொழில்முறை அணிக்காக சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் புள்ளி எடுத்தார்.

பிரிவுக்கு வெளியே எளிய எதிரிகளாகப் பார்த்து அட்டவணை போடுகிறார் என்ற குறை அவர்மீது உண்டு. குறை உண்மைதான். ஆனால் எழுந்து நிற்கவே பழகும் அணியை முதல் மாதத்திலேயே மலையோடு மோதவிடுவது பயிற்சி ஆகாது. அந்தக் கணக்கை நான் சரியென்றே சொல்வேன்.

1998-ல் 30 ஆண்டுகளுக்குப் பிறகு நெப்ராஸ்காவை வென்று, 11 ஆட்டங்களிலும் தோற்காமல் நின்றது அணி. தேசியப் பட்டத்துக்கான வாசல் திறந்திருந்தது. தன் பிரிவான பிக் 12-இன் இறுதி ஆட்டத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதி தொடங்கியபோது 27-12 என முன்னிலை. அது கரைந்து, இரண்டாவது கூடுதல் நேரத்தில் 36-33 எனத் தோற்றது. பெரிய பவுல் ஆட்டங்கள் எதுவும் அழைக்கவில்லை. இத்தனை ஆண்டு உழைப்புக்கு அது பெரிய அநீதி. அன்று கைநழுவிய பிக் 12 பட்டத்தை 2003-ல் ஓக்லஹோமாவை 35-7 என நொறுக்கி வென்றார்கள்.

2005-ல் ஓய்வு பெற்ற ஸ்னைடர், அணி மீண்டும் சரிந்ததும் 2009-ல் 69 வயதில் திரும்பி வந்து, 2012-ல் இன்னொரு பிக் 12 பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். 2018-ல் விடைபெற்றபோது அவர் கணக்கில் 215 வெற்றிகள். அவருக்கு முன் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அணி வென்றது சுமார் 300 மட்டுமே.

இன்று நிலைமை வேறு. ஆட்டக்காரர்கள் எளிதாகக் கல்லூரி மாறலாம், பணமும் பெறலாம். அதனால் 2023-ல் மூன்றே வெற்றி கண்ட இந்தியானா, கர்ட் சிக்னெட்டி வந்த மறு ஆண்டே 11 ஆட்டங்களை வென்றது. அந்த வேகத்தைப் பார்த்து மற்ற பல்கலைக்கழகங்களும் அவசரப்படுகின்றன. இரண்டு பருவம் சறுக்கினாலே பயிற்சியாளரை நீக்கத் துடிக்கும் நிர்வாகிகள், ஸ்னைடரின் முதல் பருவக் கணக்கை ஒரு முறை எடுத்துப் பார்க்கட்டும்: 1 வெற்றி, 10 தோல்வி.